நான்காவது லேஞ்சி

ஒரு லேஞ்சியை வைக்காமல் விட்டு, ஒரு நல்ல மனிதனை எங்கள் கூட்டத்திலிருந்து வெளியேற்றியவன் நான்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் மற்றவர்களின் கோணல்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். கூட்டங்களில் முன்வரிசையைப் பிடிக்கிறவர்கள், வரிசையில் நுழைகிறவர்கள், பஸ்ஸில் கிழவர்களைக் கண்டதும் தூங்கிவிடுகிறவர்கள்... இந்த வாரம் என் முறை.

லேஞ்சி என்றால் கைக்குட்டைதான். அதை வைக்காமல் விட்டால் ஒரு மனிதன் வெளியேறிவிடுவானா? கம்பளையிலிருந்து கண்டிக்கு காலை ஆபீஸ் ரயிலில் போய் வந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் கம்பளையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பல வருடங்களுக்குப் பிறகு ரயிலில் திரும்பினேன். நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு புத்தகப் பை. பக்கத்தில் டியூஷன் வகுப்புக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை.

"ஆள் இருக்கு அங்கிள். கெலிஓயாவுல ஏறுவா."

சரி என்று நின்றேன். கெலிஓயா வந்தது. இன்னொரு பிள்ளை மூச்சிரைக்க ஏறினாள். பையைக் கண்டாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... உட்கார இடம் கிடைத்த சந்தோஷம் மட்டுமல்ல அது. நான் வருவேன் என்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்ற சந்தோஷம்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், அதே கெலிஓயாவில் ஏறிய ஒருவனின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவன் பெயர் தங்கராஜ். கண்டியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வேலைக்காகக் கெலிஓயாவில் ஓர் அறை எடுத்திருந்தான். நான் ஹேவாஹெட்ட தோட்டத்தில் பிறந்து, படித்து, ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன் ஆனவன். கண்டி அலுவலகத்துக்கு இடமாற்றம் கிடைத்துக் கம்பளைக்குக் குடிவந்த புதிதில் தினமும் நின்றுகொண்டுதான் போனேன். மூன்றாம் பெட்டியில் இடம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு லேஞ்சி கிடக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எவரும் இல்லை. சட்டம் கிடையாது, காவல் கிடையாது. ஆனாலும் யாரும் தொடமாட்டார்கள்.

ஒரு நாள் காலை தங்கராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

"எப்படித் தெரியும்?"

"இவ்வளவு பெட்டி இருக்க, மூலையில போய் ஒடுங்கி நிக்கிறீங்களே... நானும் அப்படித்தான் நின்னேன்."

அப்படியே திரும்பி, எதிர் பெஞ்சில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் சொன்னான்: "நானா, இவரும் நம்ம ஆளு. நாளைக்கு இவருக்கும் ஒரு எடம் புடிங்க."

அவர் ரஷீத். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், அதனால் ரஷீத் நானா. கண்டியில் ஒரு துணிக்கடையில் தலைமை விற்பனையாளர். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர். எதிரெதிரான இரண்டு பெஞ்சு, ஆறு இடம். நான் ஆறாவது ஆள். நானாவும் நானும் கம்பளையில் ஏறுவோம். மற்ற நால்வரும் வழியில் ஏறுவார்கள். அந்த நால்வருக்கும் நீலக்கட்டம் போட்ட நான்கு லேஞ்சிகள். அத்தனையும் நானாவின் கடைத்துணி.

அந்த ஒரு மணித்தியாலப் பயணத்தில் என்னதான் இருந்தது? நானா ஒரு பத்திரிகை வாங்குவார். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார். தங்கராஜ் கெலிஓயாவில் சுடச்சுடப் பருப்பு வடை கொண்டுவருவான். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஐவரும் பார்க்கப் போவோம். அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் எனக்கு இல்லாத ஒன்று அங்கே இருந்தது. ஒரு நாள் வராவிட்டால், மறுநாள் ஏன் என்று கேட்பார்கள்.

மனிதனுக்குச் சோறும் கூரையும் இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு, அப்படிக் கேட்க யாரோ இருந்திருக்கிறார்கள். இல்லாதவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

சில மாதங்களில் லேஞ்சி வைக்கிற வேலை என்னிடம் வந்தது. நானாவுக்கு முழங்கால் வலி. ரயில் நிற்கும்முன் தாவி ஏறி, ஓடிப்போய் இடம் பிடிக்க இளவயதுக்காரன் தேவைப்பட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு, ஏழாவது ஆள் வந்தார்.

கம்பளையிலிருந்து கண்டிக்கு மாற்றலான ஒரு வங்கி அதிகாரி. கோட்டும் டையும். தங்கராஜ் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், "வாங்க சேர், இஞ்ச இருங்க" என்று நானாதான் அழைத்து உட்காரவைத்தார். மறுநாளும் வந்தார். எங்களோடு உட்கார அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் அவரோடு ஆங்கிலத்தில் பேசுவது பிடித்துவிட்டது. ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வார இறுதியில் நானா சிரித்துக்கொண்டே சொன்னார்: "திங்கள்கிழமை தங்கராஜ் வந்தா ஏழு பேர் ஆச்சு. சீட்டு ஆறுதான் ஈக்கி. ஒராள் இன்ஜின்ல ஏறி, டிரைவர்ட மடியில குந்த வேண்டியதுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யார் அந்த ஓராள்?

கடைசியாக வந்தவன் நான்தானே? அதிகாரியைக் கணக்கில் சேர்க்க முடியாது, அவர் பெரிய மனிதர். தங்கராஜை எல்லோருக்கும் பிடிக்கும். அவன் பேசினால் பெட்டியே சிரிக்கும். நான்...? சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே யோசனை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்லப்போவதாகவும் தெரியவில்லை. ஆனால் பயத்துக்குச் சாட்சி தேவையா என்ன?

திங்கள் காலை நான் மூன்று லேஞ்சிகளை மட்டும் வைத்தேன். நான்காவது என் பைக்குள் இருந்தது.

நானா கவனித்துவிட்டார். "எங்க தம்பி தங்கராஜ்ட லேஞ்சி?"

"அவரு இனிமே நாலாம் பெட்டியில வர்றாராம் நானா. அங்க அவங்க ஆளுங்க இருக்காங்களாம்."

இப்படி ஒரு பொய்யைச் சொல்லப்போகிறேன் என்று அதற்கு முந்தைய நொடிவரை எனக்கே தெரியாது. அவ்வளவு சரளமாக வந்தது. நானாவின் முகம் சுருங்கியது. "எங்கட கிட்ட ஒரு சொல்லு சொல்லாம..." என்றார்.

கெலிஓயா வந்தது. தங்கராஜ் ஏறினான், கையில் வடைப் பொட்டலத்தோடு. பெஞ்சுகளைப் பார்த்தான். அவன் இடத்தில் அதிகாரி. வேறெங்கும் நீலக்கட்டம் இல்லை. நானாவைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து நானா பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் ஜன்னல் வழியே மகாவலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அன்று என்ன ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கினான். நான்காம் பெட்டிக்குப் போனான். என் பொய் அந்தக் கணமே உண்மையாகிவிட்டது!

இரண்டு மாதம் கழித்து, கண்டி ஸ்டேஷன் மேடையில் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு கல்யாணக் கார்ட்.

"எல்லாருக்கும் சேத்து ஒண்ணுதாண்ணே. தப்பா நெனைக்காதீங்க. நானாவ கட்டாயம் கூட்டிக்கிட்டு வாங்க."

உறையின் மேல் அவன் கையெழுத்தில், 'மூன்றாம் பெட்டி நண்பர்கள் எல்லோருக்கும்.'

நான் அதை ஒருவரிடமும் காட்டவில்லை. கல்யாண வீட்டில் நானாவும் அவனும் பேசினால் என்னாகும்? 'ஏன் போனாய்?' என்று இவர் கேட்பார். 'ஏன் விரட்டினீர்கள்?' என்று அவன் கேட்பான். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். கார்ட் என் அலுமாரிக்குள் போயிற்று. கிழித்தெறியவும் கை வரவில்லை.

வங்கி அதிகாரிக்கு நான்கே மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. பெஞ்சில் ஓர் இடம் காலியானது. அப்போதாவது தங்கராஜைக் கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? கூப்பிடவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆரம்பித்தவனுக்கு அதுவே முழுநேர வேலை. சில வருடங்களில் நான் கட்டுகஸ்தோட்டைக்கு வீடு மாறினேன். மூன்றாம் பெட்டியோடு இருந்த தொடர்பும் போயிற்று.

இத்தனை வருடமும் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எனக்கு ஒரு நடுக்கம் உண்டு. வாசகர் வட்டம், ஓய்வுபெற்றோர் சங்கம், கோயில் சபை... இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வரத் தாமதமானால் சாப்பாடு இறங்காது. எவ்வளவு சுலபமாக ஒருவனை வெளியே தள்ளலாம் என்று செய்து பார்த்தவன் அல்லவா நான்?

அந்தப் புத்தகப் பையைப் பார்த்த மறுவாரம் பழைய அச்சகத்துக்குப் போனேன். விசாரித்தேன். தங்கராஜ் இப்போது பன்விலயில், மகன் கட்டிய வீட்டில் இருக்கிறாராம். (ஆமாம், இனி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். அறுபத்தைந்து வயதாகிவிட்டது.) அலுமாரியிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிகாலையில் வத்தேகம வழியாகப் பஸ் ஏறினேன்.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணே!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார். மனைவி சரோஜாவை அழைத்தார். "யார் வந்திருக்காங்க பாரு. பேப்பர்ல எழுதுவாரே... நம்ம ரயில் அண்ணன்!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லேஞ்சி, பொய், கார்ட். வரிசையாக, எதையும் குறைக்காமல்.

முதலில் பேசியது சரோஜாதான்.

"அப்ப அந்த ஆறு எலை...? எங்க கல்யாணப் பந்தியில, அந்தக் கோட்டு போட்டவருக்கும் சேத்து ஆறு எலைய விரிச்சு வச்சுக்கிட்டு, ரெண்டு பந்தி முடியிற வரைக்கும் யாரையும் ஒக்கார விடலீங்க இவரு. 'எங்க ரயில் ஆளுங்க வருவாங்க, வருவாங்க'ன்னு வாசலுக்கும் பந்திக்கும் நடக்குறாரு. எங்க மாமா கேட்டாரு, என்னா மாப்ள, ரயில் லேட்டான்னு. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல அதச் சொல்லித்தான் கேலி பண்ணுவாங்க."

தங்கராஜ் சிரிக்கவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களா அண்ணே?" என்றார். "நான் ரஷீத் நானான்னுல்ல நெனச்சேன்! பேப்பரால மூஞ்ச மறைச்சுக்கிட்டாரே... நானா நெஞ்சு வலின்னு கண்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, பிரஸ்ல இருந்து நடந்து போற தூரம். அவரு வீட்டுல இருந்து ஆள் விட்டுச் சொல்லியும் போகல. எனக்கு எடம் இல்லைன்னவர நான் எதுக்குப் பாக்கணும்னு இருந்துட்டேன். ஐயோ..."

நான் ஒரு தவறு செய்தேன் என்று நினைத்துத்தான் அங்கே போனேன். அது குட்டி போட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நானா இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கிறார் என்றுதான் கேள்வி. அதே கம்பளை வீட்டில்."

"சரோஜா, அந்த வெள்ளைச் சட்டைய எடு."

அன்றே புறப்பட்டோம். கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கம்பளைக்கு இன்னொன்று. இரண்டிலும் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இரண்டிலும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

ரஷீத் நானாவின் மகள் கதவைத் திறந்தார். நானா சாய்வுக் கதிரையில் இருந்தார். எண்பதைத் தொடுகிற வயது, பார்வை மங்கிவிட்டது.

"ஆரு மவள்?"

"நானா, தங்கராஜ்."

நானா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எந்தத் தங்கராஜ்? கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லாத தங்கராஜா?"

தங்கராஜ் திரும்பி என்னைப் பார்த்தார். பேச வேண்டியவன் நான். கார்டை மகளின் கையில் கொடுத்தேன். அவர் உறையை வாசித்தார். "மூன்றாம் பெட்டி நண்பர்கள் எல்லோருக்கும்."

"எல்லாருக்கும் என்டு போட்டீக்கியா?" நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் என்டா?"

ஒரே நாளில் இரண்டாவது தடவை அதே கதையைச் சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏன் தம்பி?" என்றார் நானா.

"ஒராள் இன்ஜினில் ஏற வேண்டும் என்றீர்கள். அது நான்தான் என்று பயந்துவிட்டேன் நானா."

"அது பகிடிக்குச் சொன்னது! நாளுக்கு ஒராள் முறைக்கு நிக்கிறது என்டுதானே நான் யோசிச்சு வச்சீந்த. மொத நாள் நானே நிக்கிறது என்டு. கடையில நாள் முழுக்க நிக்கிற மனுசனுக்கு ரயில்ல ஒரு மணித்தியாலம் நிக்கிறது ஒரு நிக்கிறதா?"

யாரையும் வெளியேற்ற யாரும் நினைக்கவே இல்லை. முழங்கால் வலிக்காரர் தான் நிற்பதாக இருந்திருக்கிறார். என்னைத் தவிர அந்தப் பெட்டியில் எவருக்கும் அந்தப் பயம் இல்லை.

"அப்ப ஏன் நானா பேப்பரால மூஞ்ச மறைச்சீங்க?" என்றார் தங்கராஜ்.

"எங்கள விட்டுட்டுப் போறீங்க என்டு நெனச்சேன் மவன். நீங்க போறத பாக்க ஏலாமத்தான் மறைச்ச."

தங்கராஜ் தன் கதிரையை இழுத்து நானாவின் பக்கத்தில் போட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வரல நானா..." என்று ஆரம்பித்தார். "விடுங்க, விடுங்க. அந்த ஆஸ்பத்திரிச் சோறு வாயில வைக்க ஏலாது. நீங்க வந்தீந்தா அதயும் திங்க வச்சீப்பீங்க" என்றார் நானா. இருவரும் அழுதார்கள், இருவரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு கிளம்பியது பாருங்கள்... யார் இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார், யாருடைய பேத்தி எங்கே படிக்கிறாள்.

நானும் இடையில் ஒன்றிரண்டு சொல் போட்டுப் பார்த்தேன். யாரும் அதை எடுக்கவில்லை. கோபத்தால் அல்ல, அவர்களுக்கு என் குரல் கேட்கவில்லை. மூன்று கோப்பைத் தேநீர் வந்தது. குடித்தோம். நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சாச்சு தம்பி," என்றார் நானா. அன்பாகத்தான் சொன்னார். "மழ வரப்போகுது. நீங்க போறது என்டா போங்கோ. தங்கராஜ் பகலச் சோறு திண்டுட்டுப் போவார்."

தங்கராஜ் தலையை மட்டும் ஆட்டினார்.

படலையைச் சாத்தும்போது உள்ளே நானாவின் சிரிப்பு கேட்டது. அதே பழைய சிரிப்பு. அதைத் திருப்பிக் கொண்டுவந்தது நான்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா? காணாமல் போக்கியவனும் நான்தானே.

மன்னிப்பது வேறு, பக்கத்தில் ஒரு கதிரை போடுவது வேறு. முதலாவதைக் கேட்டு வாங்கலாம். இரண்டாவதை அவர்களாகப் போட வேண்டும்.

இது நடந்து இரண்டரை மாதம். அவர்கள் இருவரும் தினமும் காலையில் போனில் பேசிக்கொள்கிறார்களாம். நானாவின் மகள் சொன்னார். தங்கராஜ் வாரத்துக்கு ஒரு முறை கம்பளைக்குப் போய் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாராம். அப்படியென்றால் இந்தப் பக்கமும் வாசிக்கப்படும். இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். மற்ற மூவரில் யாராவது உயிரோடிருந்தால், அவர்களும் அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அறிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்... அதற்காக மட்டும்தானா என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை தங்கராஜுக்குப் போன் எடுத்தேன். சரோஜா பேசினார்.

"அவரு மகனோட போன்ல நானாகூடப் பேசிக்கிட்டு இருக்காருங்க. சத்தம் கேக்குதுல்ல? முடிஞ்சதும் எடுக்கச் சொல்லவா?"

"சொல்லுங்கள்," என்றேன்.

இன்று ஞாயிறு. போனில் சார்ஜ் இருக்கிறது. சத்தத்தையும் முழுதாகத்தான் வைத்திருக்கிறேன்.